இறங்கின பிறகு கொடுப்பது

திரௌபதி அக்கா பதினேழு வருடமாக டிப்ஸ் வாங்குகிறவர். கொடுத்துப் பழக்கமில்லை. வினையே அங்கேதான் ஆரம்பித்தது. நடுவில் நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் யோசனை வேறு சொன்னேன்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரமம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது அக்கா வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுஸ். பன்னிரண்டு அறைகள். காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்து துடைப்பமும் பினாயிலுமாக மாடி ஏறினால், மத்தியானம் ஒரு மணிக்குத்தான் கீழே இறங்குவார். கணவர் மணிவேல் ஊரில் ஒன்றரை ஏக்கர் மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, மல்லுக்கட்டுகிறார். நான் அந்தச் சந்து முனையில் கார் நிறுத்தி வாடகைக்கு ஓட்டுகிறவன். பெயர் விமல்ராஜ், அக்காவுக்கு விமலு. எனக்கும் பிழைப்பில் பாதி டிப்ஸ்தான் என்பதால் டீ குடிக்கும்போது எங்களுக்குப் பேச விஷயம் குறைந்ததே இல்லை.

அக்கா கேட்டு வாங்குகிற ஜாதி இல்லை. அறையைக் காலி செய்கிறவர்கள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிற நோட்டைக்கூட எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் ஓடுவார். "மறந்துட்டீங்களா, எனக்கா?" என்று சைகையிலாவது கேட்டுவிட்டுத்தான் முந்தானையில் முடிவார். ஆனால் வாங்குகிறவர்களுக்கே உரிய ஒரு கண் அவருக்கு உண்டு.

"வெளிநாட்டுக்காரங்க போறப்ப குடுப்பாங்க விமலு. நம்ம ஆளுங்க வந்தன்னைக்கே குடுப்பாங்க. வந்தன்னைக்குக் குடுத்தா இன்னா அர்த்தம்? என்னைக் கொஞ்சம் பாத்துக்கோன்னு அர்த்தம்."

"நீயும் பாத்துப்பியா?"

"பொய் சொல்லக் கூடாது. அந்த ரூமை மட்டும் ரெண்டு தரம் பெருக்குவேன். குடுக்காதவங்க ரூமையும் பெருக்குவேன். ஆனா கட்டிலுக்கு அடியில குனிய மாட்டேன்."

இப்படி ஒளிக்காமல் சொல்கிறவர் என்பதால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். நான் சொல்ல வந்த நாளில் அவருக்கு வந்த பயம் எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது. எல்லாரும் தன்னைப் போலத்தான், காசு வாங்காத இடத்தில் குனிய மாட்டார்கள் என்று அவர் நம்பினார்.

அவருக்கு ஒரே பெண், ஓவியா. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. போன வருடம் ஜனவரியில் ஒரு புதன்கிழமை ஃபோன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை ஸ்கை டைவிங் போகப் போகிறேன், நீயும் வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அதை ஏதோ நீச்சல் என்று நினைத்துக்கொண்டு சரி என்றுவிட்டார். அப்புறம் என்னிடம் வந்து கேட்டார். நான் ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். பறக்கிற விமானத்தின் கதவு திறக்கிறது, ஒரு ஆளின் நெஞ்சோடு இன்னொரு ஆளைக் கட்டியிருக்கிறது, இரண்டு பேரும் சேர்ந்து விழுகிறார்கள். அக்கா வீடியோ முடிகிற வரைக்கும் பார்க்கவில்லை. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"இதுக்கு எத்தினி கட்டினா?"

"முப்பதாயிரத்துக்கு மேல ஆவும்க்கா."

"முப்பதாயிரம் குடுத்து யாராச்சும் வானத்துலேர்ந்து விழுவாங்களா?"

அக்கா அப்போதே மகளுக்கு ஃபோன் போட்டார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார், அழுது பார்த்தார், மகள் கேட்கவில்லை. கட்டின பணம் திரும்பி வராது என்று மட்டும் சொன்னாள். அப்பாவிடம் ஆபீஸ் விழா என்று சொல்லியாகிவிட்டது. மணிவேல் மாமாவுக்கு உண்மை தெரிந்தால் கொல்லையிலிருந்து மண்வெட்டியோடு கிளம்பி வந்திருப்பார்.

தடுக்க முடியாது என்று தெரிந்த பிறகு அக்காவின் கவலை வேறு பக்கம் திரும்பியது. என் பெண்ணை நெஞ்சில் கட்டிக்கொண்டு குதிக்கப் போகிறவர் யார், அவருக்கு என்ன கொடுக்க வேண்டும், எப்போது கொடுக்க வேண்டும்? வியாழக்கிழமை இதே கேள்வி, வெள்ளிக்கிழமையும் இதே கேள்வி. நான் ஃபோனில் தேடினேன். இங்கிலீஷில் ஒரு பக்கம் கிடைத்தது. ஃபோனையே அதைத் தமிழாக்கிக் கொடுக்கச் சொல்லி, வாசித்துக் காட்டினேன். சொல்லிக்கொடுக்கிற மாஸ்டருக்குப் பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் கொடுப்பது வழக்கமாம். கட்டாயம் இல்லையாம். பத்திரமாகத் தரை இறங்கிய பிறகு, சிரித்த முகத்தோடு கையில் கொடுக்க வேண்டுமாம்.

"எறங்கினப்புறமா?"

"அப்டித்தான் போட்டிருக்குது."

"எறங்கினப்புறம் குடுத்து இன்னா ஆவப் போவுது விமலு? அதான் எறங்கியாச்சே."

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரிக் கதையை முதல் தடவையாகச் சொன்னார். ஓவியா எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்டாள். எடை கம்மி, உடம்பு சில்லென்று இருந்தது. சூடு கொடுக்கிற விளக்குக்கு அடியில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். வைப்பது அங்கே இருந்த ஆயாவின் கையில். அக்கா படுத்த படுக்கையிலேயே இரண்டு கால் கொலுசையும் கழற்றி அந்த அம்மாவின் மடியில் போட்டிருக்கிறார். ஐந்தே நிமிடத்தில் குழந்தை விளக்குக்கு அடியில் இருந்தது.

"முன்னாடி குடுத்தேன், பொழைச்சா," என்றார் அக்கா. "இப்ப சொல்லு. எப்பக் குடுக்கணும்?"

"அப்ப முன்னாடியே குடுத்துடுக்கா," என்றேன். நான் செய்த தப்பு இது. அந்தப் பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்ததை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

அக்கா சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மொய்க்கவர் வாங்கினார். கல்யாணத்துக்குக் கொடுப்போமே, மூலையில் ஒரு ரூபாய் நாணயம் ஒட்டின கவர், அதேதான். உள்ளே இரண்டாயிரம் வைத்தார். மொய்க்கவர் என்றால் மேலே பெயர் எழுதாமல் கை சும்மா இருக்காது. 'ஓவியா, த/பெ. மணிவேல், கீழ்பென்னாத்தூர்' என்று என்னையே எழுதவைத்தார். யாருடைய பெண் என்று அந்த மாஸ்டருக்குக் குழப்பம் வரக் கூடாதாம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், முந்தின ராத்திரியே ஊருக்கு வந்துவிட்ட ஓவியாவையும் ஏற்றிக்கொண்டு என் காரில் கிளம்பினோம். விழுப்புரம் தாண்டி, யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவைத்த ஒரு பழைய ஓடுபாதை. அதில் ஒரு கம்பெனி இரண்டு வாரத்துக்கு முகாம் போட்டிருந்தது. வழியெல்லாம் ஓவியா பின்சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அக்கா அவளுடைய கையைப் பிடித்தபடியே வந்தார். ஒரு இடத்தில் நான் பிரேக் போட்டதற்கு, "மெதுவா போடா, புள்ள இருக்குது," என்று அதட்டினார். இன்னும் இரண்டு மணி நேரத்தில் பத்தாயிரம் அடியிலிருந்து விழப் போகிற பிள்ளை!

அங்கே ஒரு தகரக் கொட்டகை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலி, தூரத்தில் ஒரு குட்டி விமானம். அதைப் பார்த்ததும் அக்கா, "இதுவா? நம்ம ஊரு ஷேர் ஆட்டோ இதைவிடப் பெருசா இருக்குமே," என்றார். ஓவியாவிடம் ஆறு பக்கம் கையெழுத்து வாங்கினார்கள். அவள் படிக்காமலே போட்டாள். அக்கா என் முழங்கையை இடித்தார்.

"இன்னா எழுதியிருக்குது?"

செத்துப்போனால் நாங்கள் பொறுப்பில்லை என்று ஆறு பக்கத்திலும் வேறு வேறு விதமாக எழுதியிருந்தது. "பேரு, அட்ரஸ், ரத்த குரூப்பு," என்றேன்.

"ரத்த குரூப்பு எதுக்கு?"

அக்காவுக்கு நாற்காலி எடுத்துவரப் போனேன்.

பலகையில் பெயர்ப் பட்டியல் இருந்தது. ஓவியாவுக்கு எதிரே ராமதாஸ் என்று போட்டிருந்தது. ஆள் யார் என்று தேட வேண்டிய வேலையே இல்லை. கொட்டகைக்குப் பின்னால், சட்டையில் அந்தப் பெயர் குத்தின ஒருவர் ஃபோனில், "இன்னாடா, அங்க பனி ஜாஸ்தியா?" என்று பேசிக்கொண்டிருந்தார். நம் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் அக்காவுக்குப் பாதி உயிர் வந்தது. ஆரணிப் பக்கத்து ஆள், மிலிட்டரியில் இருபது வருடம் குதித்தவராம். அக்கா நேராகப் போய் அவர் கையில் கவரைத் திணித்தார்.

"ஒரே பொண்ணு சார். பேரு மேல எழுதியிருக்குது. பாத்துக்கோங்க."

அவர் கவரைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாய் எடுத்தார். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "சரிம்மா, அப்பால பேசலாம்," என்று சொல்லிவிட்டுக் கவரோடு உள்ளே போனார். அக்கா திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைக்கு முதல் தடவையாகத் தண்ணீர் குடித்தார்.

பிறகுதான் எடை பார்த்தார்கள். நான் கொட்டகை ஓரமாக நின்றதால் என் காதில் எல்லாம் விழுந்தது. அன்றைக்கு வந்த இன்னொருத்தர் நல்ல வாட்டசாட்டமான இளைஞர். எடை ஜாஸ்தி இருக்கிறவரை ராமதாஸ் மாஸ்டரோடு போடுங்கள், அந்தப் பெண் மீனல் மேடத்தோடு போகட்டும் என்று சொல்லி, பலகையில் இரண்டு பெயரை அழித்து மாற்றி எழுதினார்கள். மீனல் என்பது புனேக்காரப் பெண். முப்பது வயது இருக்கலாம். ஒல்லி, குட்டைமுடி.

அக்காவிடம் சொல்லுவதா வேண்டாமா? சொன்னால் இன்னொரு கவருக்கு எங்கே போவார்? சொல்லாமல் இருந்துவிட்டேன். ஆனால் தாய்க்காரியின் கண்ணை என்ன செய்வது? உடுப்பு மாட்டிக்கொண்டு நாலு பேரும் விமானத்தைப் பார்த்து நடந்தார்கள். ஓவியாவின் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு போனது ராமதாஸ் இல்லை.

"விமலு, அது யாரு?"

நான் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினேன்.

"விமலு! எம் பொண்ணைப் பிடிச்சினு போறது யாரு?"

"ஆளை மாத்திட்டாங்கக்கா. வெயிட்டு கணக்குக்கு."

அக்காவின் முகம் வெளுத்தது. "அந்தப் பொண்ணுக்கு நான் ஒண்ணியும் குடுக்கலையே," என்றார். என் சட்டைப் பையில் அவரே கைவிட்டு, டீசலுக்கு வைத்திருந்த நோட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். ஐம்பது வயதுக்காரர், செருப்பு ஒரு பக்கம் கழன்று விழ, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. விமானத்தின் விசிறி சுற்ற ஆரம்பித்துவிட்டது. காவலுக்கு நின்றவர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். நோட்டைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, "யம்மா! யம்மா, இந்தா!" என்று அக்கா கத்தினார். விசிறி சத்தத்தில் அவர் கத்தியது எனக்கே கேட்கவில்லை. விமானம் ஓடி, எழும்பி, போய்விட்டது.

மேலே போய்ச் சேர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அந்த இருபது நிமிடம் நான் பட்ட பாட்டை என் எதிரியும் பட வேண்டாம். என் வார்த்தையைக் கேட்டுத்தானே முன்னாலேயே கொடுத்தார்? கொடுக்காமலே இருந்திருந்தால் இரண்டு பேரும் அக்காவுக்கு ஒன்றாகவே இருந்திருப்பார்கள். இப்போது ஒருத்தருக்குக் கொடுத்து, ஒருத்தருக்குக் கொடுக்காமல் விட்டாயிற்று. கொடுக்காதவர் கையில் பெண் இருக்கிறாள்.

அக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் நின்றேன். வானத்தைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஆஸ்பத்திரில வெளக்கு ஒண்ணுதான் வேலை செஞ்சுது விமலு."

எனக்குப் புரியவில்லை.

"புள்ளைங்க ரெண்டு. பக்கத்துக் கட்டிலு. அந்தப் பொண்ணும் என் வயசுதான். அதுகிட்ட ஒண்ணியும் இல்ல. கழுத்துல வெறும் மஞ்சக் கயிறு. நான் கொலுசைக் கழட்டுறதைப் பாத்துக்கினே இருந்துச்சு."

"அந்தப் புள்ள?"

"கேக்கல. காலையில கட்டிலு காலியா இருந்துச்சு. வேற வார்டுக்கு மாத்துனாங்களோ என்னவோ. நான் யாரையும் கேக்கல. கேட்டா சொல்லிடுவாங்களேன்னு பயம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "இருபத்தி நாலு வருசமா கேக்கல. இன்னிக்கு எம் பொண்ணு அந்தப் பக்கத்துக் கட்டில்ல இருக்கறா விமலு."

கழன்று விழுந்த செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தேன்.

மேலே விமானத்தின் சத்தம் மாறியது. பக்கத்தில் நின்ற கம்பெனி ஆள் கையை நீட்டிக் காட்டினார். ரொம்ப உயரத்தில் ஒரு கரும்புள்ளி. சில நொடியில் இன்னொன்று. அக்கா எழுந்து நின்றார். இரண்டில் எது ஓவியா என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. நீல நிறத்தில் ஒரு பாராசூட் விரிந்தது. அது ராமதாஸ் மாஸ்டருடையது என்றார்கள். அடுத்ததைக் காணோம். அடுத்தது ஒரு மேகத்துக்குள் போயிருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் நகம் உள்ளே இறங்கியது. எண்ணிப் பார்த்தால் ஐந்து நொடிகூட ஆகியிருக்காது. மேகத்துக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒன்று விரிந்து மிதந்தது.

ஓவியா காலைத் தூக்கிக்கொண்டு, புல்லில் உட்கார்ந்தபடி வந்து இறங்கினாள். சிரிக்கிறாள், அழுகிறாள், மூக்கு ஒழுகுகிறது. கொக்கிகளைக் கழற்றினதும் அக்கா ஓடிப்போய் அவள் முதுகில் இரண்டு அடி போட்டார். அப்புறம் கை, கால், விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "ஐயோ அம்மா, எல்லாம் இருக்குது, உடு," என்று அவள் நெளிந்தாள்.

ராமதாஸ் மாஸ்டர் கொட்டகைக்குள் போய்க் கவரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதைத்தாம்மா அப்பவே சொல்ல வந்தேன். நாங்க மேல போறப்ப பாக்கெட்ல ஒண்ணியும் வச்சிக்க மாட்டோம். இதுல காசு வேற ஒட்டியிருக்குது, கழண்டு பறந்தா யார் கண்ணையாவது பதம் பாத்துடும். ட்ராயர்ல போட்டுட்டுப் போனேன்."

"அப்ப அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா, நான் குடுத்தது?"

"எனக்குக் குடுத்தீங்க. அவங்களுக்கு எப்டித் தெரியும்?"

அக்கா மீனலைப் பார்த்தார். அந்தப் பெண் பாராசூட்டை அள்ளி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணியும் வாங்காமலா எம் பொண்ணைப் பத்திரமா கூட்டினு வந்துச்சு? கேளுங்க சார். ஏன்னு கேளுங்க."

ராமதாஸ் இந்தியில் கேட்டார். மீனல் முதலில் சிரித்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு, தன் இடுப்பிலும் தோளிலும் இருந்த கொக்கிகளைத் தொட்டுக் காட்டிப் பேசினாள். ராமதாஸ் சொன்னார்: "நாலு கொக்கில ரெண்டு பேரும் ஒண்ணா மாட்டியிருந்தோம், அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கும்தானே ஆன்ட்டின்னு சொல்றாங்க. இன்னைக்கு இன்னும் அஞ்சு தரம் குதிக்கணுமாம். ஒவ்வொரு தரம் எறங்கினதும் புனேல இருக்கற அம்மாவுக்கு மெசேஜ் போடணும், போடலன்னா திட்டுவாங்களாம். அதுக்குத்தான் அவசரப்படுறாங்க."

அக்கா என்னைப் பார்த்து, "அந்தக் குடையில ரெண்டு பேரு வந்தாங்க விமலு," என்றார். "நான் ஒருத்தியைத்தான் பாத்தேன்."

கவரை இரண்டு கையாலும் மீனலிடம் நீட்டினார். அந்தப் பெண் மறுக்காமல் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதற்குள் அடுத்த நடைக்கு ஆள் தயார் என்று கூப்பிட்டார்கள். அவள் கவரைத் திரும்ப அக்காவின் கையில் வைத்து ஏதோ சொன்னாள்.

"மேல எடுத்துட்டுப் போவக் கூடாது இல்லியா? எறங்கினப்புறம் வாங்கிக்கிறேங்கறாங்க. குடுங்க, நான் ட்ராயர்ல போட்டு வைக்கிறேன்," என்றார் ராமதாஸ்.

"வேணாம் சார். நானே வச்சினு இருக்கறேன்."

ஓவியா என்னிடம் பசிக்கிறது, கிளம்பலாம் என்றாள். அம்மாவிடமும் போய்ச் சொன்னாள். "போயி கார்ல உக்காரு, வரேன்," என்றார் அக்கா, திரும்பிப் பார்க்காமலே. வெயில் ஏறியிருந்தது. நிழலுக்கு வரச் சொன்னேன், வரவில்லை. விமானம் மறுபடியும் எழும்பிப் போனது. இந்தத் தடவை மீனலோடு கட்டியிருந்தது யார் வீட்டுப் பிள்ளை என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா கவரை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை நெற்றியில் வைத்து மேலே பார்த்தபடி நின்றார். உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. காலையில் ஓவியாவுக்காகப் பட்ட பயத்தைவிட இது ஒரு துளியும் கம்மி இல்லை.

வெகுநேரம் கழித்து மேலே ஆரஞ்சு விரிந்தது. அதற்கு அடியில் இரண்டு பேர் தெரிந்தார்கள். நாலு காலும் தரையில் பட்ட பிறகுதான் அக்கா கவரை நீட்டிக்கொண்டு அவர்களைப் பார்த்து நடந்தார்.